சாமான் மாற்றிய பிறகு

ஓடி வந்த கார் பட்டறையில் சாமான் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போவதும், நடுரோட்டில் நின்றுபோன கார் சாமான் மாற்றியும் ஸ்டார்ட் ஆகாமல் கிடப்பதும் வெவ்வேறு வழக்குகள். முதல் வகையில் கோளாறு பிறந்த நேரமும் தெரியும், இடமும் தெரியும். காலையில் தானாக உள்ளே வந்த வண்டி மாலையில் உயிர்பெறவில்லை என்றால், இடைப்பட்ட பொழுதில் யாருடைய கை எங்கே பட்டதோ அங்கேதான் தேட வேண்டும். இரண்டாம் வகையில் அந்த உறுதி கிடையாது. மாற்றிய சாமான் உண்மையிலேயே பழுதானதுதானா என்ற கேள்வியே அங்கு முடிந்திருக்காது. பழைய கோளாறு அப்படியே இருக்கலாம். அதன்மேல் புதிதாக ஒன்று சேர்ந்தும் இருக்கலாம். அதனால் விவரம் தெரிந்த போர்மேன் பானட்டைத் திறக்குமுன் ஒன்று கேட்பார்: "ஓட்டிட்டு வந்ததா, இழுத்துட்டு வந்ததா?"

1990களின் கடைசி ஆண்டுகளில் இந்தக் கேள்வி தமிழிலேயே கேட்கப்பட்ட பட்டறைகள் மலேசியாவின் ஜொகூரில் மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களில் இருந்தன. தோட்டத்து லாரியையும் டிராக்டரையும் பழுது பார்த்துக் கைபழகியவர்கள், ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது பட்டணத்துக்கு வந்து போட்ட தகரக் கொட்டகைகள் அவற்றில் சில. அங்கே வந்து நின்ற வண்டிகள் பெரும்பாலும் புரோட்டோனும் பெரோடுவாவும். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சர் வழியில் பிறந்தவை. 1994இல் வந்த கஞ்சில், டைஹட்சு மீராவின் உடன்பிறப்பு. கார்புரேட்டர் போய்க்கொண்டிருந்து, எம்பிஐ என்ற மின்னணு எரிபொருள் பாய்ச்சும் முறை வந்துகொண்டிருந்த காலம் அது. வீரா என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் ஓடின. ஒரே அறிகுறியை இரண்டு விதமாகத் தேட வேண்டியிருந்தது. கார்புரேட்டரில் கண்ணுக்குத் தெரிந்தது, எம்பிஐயில் வயருக்குள் ஒளிந்துகொண்டது.

சாவியைத் திருப்பியதும் கேட்கும் சத்தம் வழக்கை இரண்டாகப் பிரித்துவிடும். என்ஜின் சுற்றுகிறதா, சுற்றவில்லையா? "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று உரிமையாளர் சொல்வது இரண்டுக்கும் பொதுவான சொல். தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போன பட்டறைக்காரர்கள் உண்டு. போய்ப் பார்த்தால் என்ஜின் ஆரோக்கியமாகச் சுற்றும், பெட்ரோல்தான் வராது.

சுற்றாத வகை பெரும்பாலும் எளிது. ஒரு சத்தமும் இல்லையென்றால் மோட்டாருக்கு உத்தரவே போகவில்லை. ஒரே ஒரு "டக்" கேட்டால் உத்தரவு போகிறது, பலம் போகவில்லை. "டகடகடக" என்று தொடர்ந்து துடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனை சரியாகப் பிடிக்கவில்லை. கிளட்சையோ கியர்பாக்ஸையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ கழற்றி மாட்டிய பிறகு இந்த நிலை வந்தால், மூன்று இடங்களைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். ஸ்டார்ட்டர் தலையில் செருகும் சிறிய ஒற்றை வயர் ஒன்று. கையைக் கீழே விட்டுத் தடவித்தான் அதை மாட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதை மறப்பது சுலபம். என்ஜினையும் உடற்கூட்டையும் இணைக்கும் எர்த் பட்டை இன்னொன்று. கியர்பாக்ஸ் போல்ட்டோடு சேர்ந்து வரும் அந்தப் பட்டை, திரும்ப மாட்டும்போது எண்ணெய்ப் பிசுக்கின்மீதோ பெயின்ட்டின்மீதோ உட்கார்ந்துவிடும். மூன்றாவது, ஆட்டோ கியர் வண்டிகளில் பி, என் நிலைகளைக் காட்டிக்கொடுக்கும் சுவிட்ச். அது சற்று நகர்ந்தாலும் வண்டி கியரில் இருப்பதாக நினைத்து மோட்டாரைச் சுற்ற விடாது.

எர்த் சந்தேகத்தைத் தீர்க்க மீட்டர் வேண்டும். நிறைய சார்ஜுள்ள பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரியில் 11க்கு மேல் நின்றும் மோட்டார் முனகினால் வழியில் எங்கோ பலம் கசிகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வயரைக் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கும் இந்த அளவைக்கும் உறவே கிடையாது. வெளியே பளபளப்பான கேபிள், முனைக்குள் பச்சைப் பூத்துக் கிடப்பது ஜொகூரின் ஈரக் காற்றில் அன்றாடக் காட்சி.

என்ஜின் சுற்றியும் பற்றாத வகைதான் பட்டறையின் பொழுதைத் தின்னும். அங்கே தேட வேண்டியவை தீப்பொறி, பெட்ரோல், காற்று அழுத்தம், இவை மூன்றும் உரிய நேரத்தில் சேர்வது. மாற்றிய சாமான் இவற்றில் எதைச் சேர்ந்தது என்று பார்த்து, முதலில் அந்தப் பக்கம் போவது இயல்பு. மாசாய்ப் பட்டறைகளில் வேலை பழகியவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்டதோ வேறு: சாமானைப் பார்க்காதே, பிளக்கைக் கழற்றிப் பார். பெட்ரோலில் நனைந்த பிளக் ஒரு பக்கம் கைகாட்டும். காய்ந்த பிளக் மறுபக்கம் கைகாட்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீயோ நேரமோ தப்பு. காய்ந்திருந்தால் தீயைப் பற்றிய பேச்சை ஒத்திப்போடலாம். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதுமான இந்தச் சோதனையைத் தாண்டிக்கொண்டு நேராகச் சாமான் கடைக்கு ஆள் அனுப்பியதால் வீணான காசு கொஞ்சமல்ல.

தீயைப் பார்க்க, வயரின் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி என்ஜின் உலோகத்தில் படுத்துவைத்துச் சுற்ற வேண்டும். நீலமாக, "டிக் டிக்" என்று சத்தம் வரும்படி பாய்ந்தால் நல்ல பொறி. மஞ்சளாக நூல்போல வந்தால் அழுத்தத்துக்குள் அது அணைந்துவிடும். பிளாட்டினம் பாயிண்ட் காலத்து ஆசாமிகள் சிலர் வயரைக் கையில் பிடித்தே வீரம் காட்டுவார்கள். மின்னணுக் காயில் வந்த பிறகு அந்த விளையாட்டு ஆளையே தூக்கி எறியக்கூடியது.

இந்த வரிசையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு, மாசாயில் ஒரு பட்டறையில் அந்நாளில் வந்து நின்ற வீரா 1.5 எம்பிஐ ஒன்று நல்ல சான்று. எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பையன் ஒருவன் அப்போது அங்கே எடுபிடியாக இருந்தான். இந்த நினைவு அவனுடையது. வண்டிக்காரர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்; வண்டியைப் பழையதாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். சூடேறியதும் என்ஜின் இருமும், சில நேரம் சந்தியில் அணைந்துவிடும் என்று சொல்லி ஓட்டிக்கொண்டே வந்து விட்டார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய். கேம் ஷாஃப்ட் பக்கத்து சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே ஏறுவது அந்த என்ஜினில் அடிக்கடி காணும் நோய். எண்ணெயில் ஊறிய டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றிவிடலாம் என்பது முடிவு. முடிவில் தவறில்லை.

புது ஒரிஜினல் விலை அந்த வண்டிக்காரரின் மாதச் சம்பளத்தில் பெரிய கடி. அதனால் ஹாஃப் கட் கடையிலிருந்து ஒன்று வாங்கப்பட்டது. ஜப்பானில் பழைய கார்களைப் பாதியாக அறுத்து, என்ஜினும் கியர்பாக்ஸும் உள்ள முன்பாதியை அப்படியே அனுப்புவார்கள். அங்கே வண்டி பழசாகப் பழசாகக் கட்டாயப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஏறுவதால், நன்றாக ஓடும் வண்டியும் கழிக்கப்படும். வீரா லான்சரின் வழியில் வந்தது என்பதால் லான்சர், மிராஜ் முன்பாதிகளில் பொருந்தும் சாமான்கள் கிடைத்தன. ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள முற்றங்களில் என்ஜின்கள் எண்ணெய் சொட்டச் சொட்ட அடுக்கியிருக்கும். பெட்டியில் வந்த மலிவான புது நகலைவிட அந்த அழுக்குச் சாமானைப் பட்டறைக்காரர்கள் அதிகம் நம்பினார்கள். காரணம் உணர்ச்சியல்ல. ஹாஃப் கட் சாமான் ஒரு வண்டியில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி நிரூபித்தது; நகல் இன்னும் ஒரு என்ஜினைக்கூடச் சுற்றிப் பார்த்ததில்லை. புதியது என்பதும் நல்லது என்பதும் வேறுவேறு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓடியது என்பதும் இன்னும் ஓடும் என்பதும் வேறு என்பது சில நேரம் மறந்துபோகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டப்பட்டது. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. முதல் சந்தேகம் நேரத்தின்மேல் போயிற்று. அது நியாயமான சந்தேகம். நான்கு அசைவு என்ஜினில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு சுழற்சிக்குள் இரண்டு முறை உச்சிக்கு வரும்: காற்றை அழுத்தி ஒரு முறை, புகையைத் தள்ளி ஒரு முறை. புல்லியில் உள்ள குறி இரண்டு முறையும் ஒன்றுபோலவே பொருந்தும். குறியை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைச் செருகினால் அது பாதிச் சுற்றுத் தவறி உட்கார வாய்ப்பு உண்டு. அப்போது முதல் சிலிண்டருக்குப் போக வேண்டிய பொறி நான்காவதற்குப் போகும். என்ஜின் காற்றுக் குழாய் வழியாக "பட் பட்" என்று திருப்பி அடிக்கும். பிளக் வயர்களை 1-3-4-2 என்ற வரிசை மாற்றிச் செருகினாலும் இதே சத்தம்தான். சந்தேகத்தைத் தீர்க்க, பையனை முதல் பிளக் துளையில் கட்டைவிரலை அழுத்திக்கொள்ளச் சொல்லி, போர்மேன் புல்லியைக் கையால் திருப்பினார். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்த வேளையில் குறியும் பொருந்தியது, ரோட்டரும் முதல் வயரை நோக்கி நின்றது. நேரம் சரி. திருப்பி அடிக்கும் சத்தமும் இல்லை.

அடுத்து, பழகிய தடத்தில் பேச்சு போயிற்று: ஹாஃப் கட் சாமான்தானே, செத்திருக்கும். கடைக்காரத் தவுக்கே முகம் சுளித்தாலும் இன்னொன்று கொடுத்தார். அதையும் மாட்டியாயிற்று, அதே கதை. இதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வண்டிக்காரர் இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டும். பக்கத்தில் வேறொரு வண்டிக்குக் கீழே படுத்திருந்த மூத்த போர்மேன் அப்போதுதான் எழுந்து வந்தார்.

"தீ வருதா?"

"வருதுண்ணே. நல்லா நீலமா வருது. ரெண்டு டிஸ்ட்ரிபியூட்டர்லயும் வருது."

"பிளக்கு?"

பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த எலும்பு.

அங்கேயே வழக்கில் பாதி முடிந்தது. இந்த எம்பிஐ என்ஜினில் சுழற்சியை உணரும் சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. அது "சுற்றுகிறது" என்று சொன்னால்தான் என்ஜினின் மின்னணு மூளையான ஈசியூ தீயும் கொடுக்கும், பெட்ரோலும் கொடுக்கும். தீ வருகிறது என்றால் சென்சார் பேசுகிறது, ஈசியூவும் கேட்கிறது. முதலில் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டரைத் தீப்பொறி அப்போதே விடுவித்துவிட்டது; இரண்டாவதை வாங்கியிருக்கவே தேவையில்லை. தேட வேண்டியது, பெட்ரோல் பம்புக்குப் போகும் வழியில் தீயின் வழியோடு சேராத பகுதியை மட்டும்.

பின்சீட்டைத் தூக்கிப் பம்பின் இணைப்பில் டெஸ்ட் பல்பை வைத்து என்ஜினைச் சுற்றினார்கள். பல்ப் எரியவில்லை. ரிலே பக்கம் மின்சாரம் இருந்தது. இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றியவர் கை டேஷ்போர்டுக்குள்ளோ பின்சீட்டுப் பக்கமோ போகவே இல்லை. இங்கேதான் மூத்தவர் கேட்ட அடுத்த கேள்வி வேலை செய்தது. என்ன மாற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. என்னென்ன கழற்றினாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். காற்றுக் குழாய், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் இணைப்பு, இரண்டு போல்ட். அதற்கெல்லாம் முன்னால், பாதுகாப்புக்காகப் பேட்டரியின் நெகட்டிவ் முனை.

டேஷ்போர்டின் ஓரத்தில், ஸ்டீயரிங் மறைக்கும் இடத்தில், மிளகளவு சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் யார் கண்ணிலும் படவில்லை. "அலாரமா? அது எப்பவோ செத்துப்போச்சே" என்றார் வண்டிக்காரர். சாகவில்லை. முந்தைய உரிமையாளர் அக்சசரி கடையில் போட்ட அலாரம் அது. ரிமோட் தொலைந்த பிறகு, அதை உறங்கவைக்கும் மறைவான சுவிட்சைப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார். அக்கம்பக்கத்தார் திட்டியதாலோ என்னவோ சைரன் வயரையும் வெட்டியிருக்கிறார். பேட்டரி முனையைக் கழற்றி மாட்டியதும் அலாரம் உறக்கத்தை மறந்து, பூட்டிய நிலையில் விழித்துக்கொண்டது. அந்தக் கால அலாரங்களில் பல இப்படித்தான். திருடன் பேட்டரியைக் கழற்றி ஏமாற்றக்கூடாது என்பதற்காகவே அவை அப்படிச் செய்யப்பட்டிருந்தன. சைரன் இல்லாததால் அது ஊமையாகக் காவல் காத்தது. பம்பு வயரின் நடுவே வைத்த ரிலே திறந்தே கிடந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு, கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகளைப் பிரித்து, வெட்டப்பட்ட வயரின் இரு முனைகளையும் கண்டுபிடித்து, ஈயம் வைத்து ஒட்டினார் மூத்தவர். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

மாற்றிய சாமானுக்கும் கோளாறுக்கும் தொடர்பே இல்லாமலிருந்து, மாற்றும் வேலைக்கும் கோளாறுக்கும் நேரடித் தொடர்பு இருந்த வழக்கு இது. இந்த வகையில்தான் பட்டறைகள் அதிகம் தடுமாறுகின்றன. புதுச் சாமானைக் குற்றம் சொல்வதும், "இது வேற கோளாறு, நம்ம வேலையில்லை" என்று கைகழுவுவதும் இரண்டு எதிரெதிர்ச் சரிவுகள். இரண்டிலும் கழற்றிய வரிசை மறக்கப்படுகிறது. பேட்டரி முனையைக் கழற்றுவது வேலைக்கு முந்திய சடங்கு என்பதால் அதை யாரும் வேலையில் சேர்ப்பதில்லை.

மற்ற சாமான்களுக்கும் அவற்றுக்கே உரிய கண்ணிகள் உண்டு. டைமிங் பெல்ட் மாற்றிய வண்டி வழக்கத்தைவிட லேசாக, தடையில்லாமல் "விர்" என்று சுற்றினால் அழுத்தமே உருவாகவில்லை. பெல்ட் பல பற்கள் மாறி உட்கார்ந்திருக்கிறது, அல்லது கேம் சுற்றவே இல்லை. சில என்ஜின்களில் அந்த நிலையில் மேலும் மேலும் சுற்றினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும் என்பதால் சாவியை விட்டுவிட்டுக் குறியைப் பார்ப்பதே முறை. ஒரு பல் மட்டும் மாறினால் பெரும்பாலும் என்ஜின் பற்றிக்கொள்ளும், ஆனால் சோம்பலாக ஓடும்.

பெட்ரோல் பம்பில் ஏமாற்று அதிகம். டாங்கிக்குள் இருக்கும் பம்பின் மோட்டாரை மட்டும் மாற்றுவது மலிவு என்பதால், கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வேறு மோட்டாரைப் பொருத்துவார்கள். பிளஸ், மைனஸ் வயர் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். காது வைத்தால் "ம்ம்ம்" என்ற சத்தம் கேட்கும், பம்பு வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், பெட்ரோல் ஏறாது. டாங்கிக்குள் உள்ள சிறு குழாயின் கிளிப் நழுவினாலும் அதே சத்தம், அதே வறட்சி. எம்பிஐ வண்டிகளில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியது அழுத்த மீட்டர்தான், காது இல்லை. கார்புரேட்டர் வண்டியில் வேறு கதை. கேம் ஷாஃப்ட் தள்ளி இயங்கும் இயந்திரப் பம்பை மாற்றினால் கிண்ணம் காய்ந்திருக்கும். கொஞ்ச நேரம் சுற்றியாக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பொறுமையில்லாமல் கார்புரேட்டரையே கழற்றிப் போட்டவர்களும் இருந்தார்கள்.

டேஷ்போர்டு மீட்டரில் உள்ள எச்சரிக்கை விளக்கையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். எம்பிஐ வண்டியில் சாவியை ஆன் செய்தால், ஸ்டார்ட் செய்யுமுன், என்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் முதலில் ஈசியூவுக்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பியூஸ், ரிலே, எர்த், பிறகுதான் மற்றதெல்லாம். அந்தக் கால மிட்சுபிஷி ஈசியூக்களுக்குள் மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிப்பதும் உண்டு. பெட்டியைத் திறந்தால் மீன் நாற்றம் அடிக்கும். கோளாறைச் சொல்லும் குறிப்பு எண்களைப் படிக்க ஸ்கேனர் இல்லாத பட்டறைகள், டேஷ்போர்டுக்குக் கீழுள்ள சோதனை இணைப்பில் ஊசி மீட்டரைச் செருகி, ஊசி ஆடுவதை எண்ணின. நீண்ட ஆட்டம் பத்து, குறுகிய ஆட்டம் ஒன்று. நிதானமான ஆளுக்கு அதுவே போதுமான ஸ்கேனர்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து இரண்டு வெள்ளங்கள் தாக்கின. கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு பட்டறைகளுக்கு வந்த வண்டிகள் இந்த ஒழுங்கையெல்லாம் கலைத்துவிட்டன. நீர் புகுந்த இணைப்புகளில் ஊசிகள் பச்சையாகி, தொட்டால் உதிரும். ஒரு சாமானை மாற்றக் கழற்றும்போது அருகிலுள்ள இன்னொரு இணைப்பு உயிரைவிடும். அந்த வண்டிகளில் ஒன்றை மாற்றி ஒன்றைச் சோதிப்பது என்ற முறை செல்லாது. வயர் கட்டு முழுவதையும் பிரித்துக் கழுவிக் காயவைப்பதுதான் வழி. பல உரிமையாளர்கள் அந்தச் செலவைக் கேட்டு வண்டியையே விட்டுவிட்டுப் போனார்கள்.

2000இல் வந்த புரோட்டோன் வாஜா போன்ற வண்டிகள் திருட்டுத் தடுப்பை அக்சசரி கடையிலிருந்து எடுத்துத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோயின. சாவியின் தலைக்குள் உள்ள சில்லும் ஈசியூவும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். ஹாஃப் கட் வழியாக ஈசியூவை வாங்கி மாட்டினால் வண்டி அதை அந்நியனாகப் பார்க்கும். என்ஜின் சுற்றும், பற்றாது. சாவி, இம்மொபிலைசர், ஈசியூ மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பதோ, கணினி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ப் புதிதாக அறிமுகப்படுத்துவதோ தவிர்க்க முடியாததாயிற்று. 2005இல் மைவி வந்து ஜொகூர்ச் சாலைகளை நிறைத்தபோது பல பட்டறைகளில் டிஸ்ட்ரிபியூட்டரே அரிய பொருளாகிவிட்டது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. ஸ்கேனர் மேசைக்கு வந்தது. அதன் திரையில் "கிராங்க் சென்சார்" என்று எழுத்து வந்ததும் சென்சாரை வாங்கப் போகும் பழக்கமும் கூடவே வந்தது. சென்சாரிலிருந்து செய்தி வரவில்லை என்பதுதான் அந்த எழுத்தின் பொருள். சென்சார், வயர், இணைப்பு, அது பார்த்து எண்ணும் பல்சக்கரம் ஆகிய நான்கில் எது குற்றவாளி என்று அது சொல்வதில்லை.

கடைசியில் கூலி. ஜொகூர்ப் பட்டறைகளில் எழுதாத சட்டம் ஒன்று நெடுநாளாக இருக்கிறது: சாமானைப் பட்டறையே வாங்கிப் போட்டு வண்டி கிளம்பவில்லை என்றால், தேடும் கூலி பட்டறையின் தலையில்; வண்டிக்காரர் தானே சாமான் வாங்கி வந்திருந்தால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் தலையில். அந்த வீராவுக்கு முதல் டிஸ்ட்ரிபியூட்டரின் விலையும் ஒரு தடவை மாட்டிய கூலியும் மட்டும் வாங்கப்பட்டன. இரண்டாவது கடைக்கே திரும்பியது. எல்லாத் தவுக்கேமாரும் அப்படித் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. மின்சாமானை ஒருமுறை வண்டியில் மாட்டிவிட்டால் கடையைவிட்டுப் போனதாகவே கணக்கு. அதனால் கழற்றிய பழைய சாமானை, வண்டி ஸ்டார்ட் ஆகி, ஒரு சுற்று ஓடித் திரும்பி வரும்வரை யாரும் பழைய இரும்புக்காரரிடம் போடுவதில்லை. இணைப்பின் ஊசி எண்ணிக்கை, போல்ட் துளையின் இடம், அச்சின் நீளம் என்று புதியதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும். முடங்கிப்போகாமல் இருமிக்கொண்டாவது ஓடிய சாமானாக இருந்தால், அதையே திரும்ப மாட்டி வண்டி பற்றுகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.